இன்னொரு தடவை இழுங்க

ஷெவ்கெத் அண்ணன் இருபத்தாறு வருடம் அங்காரா–கார்ஸ் ரயிலில் படுக்கைப் பெட்டி உதவியாளராக இருந்தவர். அடைத்த கழிப்பறையைக் கையாலேயே குத்திச் சரிசெய்வார். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நான் பரிமாறும் உணவுப் பெட்டிக்கு வந்து நிதானமாகப் பருப்பு சூப் குடிப்பார். அருவருப்பு என்பதே இந்த மனிதருக்குக் கிடையாது என்று நினைத்திருந்தேன். ஒரு ஜனவரிப் பகலில் அந்த நினைப்பு போனது.

அப்போது எங்கள் ரயில் பிரபலமாகிவிட்டிருந்தது. யாரோ ஜன்னலோரப் பனியைப் படம் பிடித்துப் போட, இஸ்தான்புல்லிலிருந்தும் இஸ்மிரிலிருந்தும் கூட்டம் வந்து விழுந்தது. முன்பதிவு திறந்த பத்து நிமிடத்தில் படுக்கைகள் தீர்ந்துவிடும். அறைக்குள் விளக்குச் சரமும் வலைத் துணியும் கட்டி, மேசையில் பாலாடைக்கட்டியும் மாதுளையும் பரப்பி, வழி நெடுகத் தங்களையே படம் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெளியே உறைந்து கிடக்கும் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடித்துத் துப்பியதையும் கொட்டியதையும் கூட்டி அள்ளுவது ஷெவ்கெத் அண்ணன்.

"கல்யாண மண்டபத்துக்குச் சக்கரம் மாட்டி விட்டுட்டானுங்கடா," என்பார். ஆனால் விளக்குக் கட்ட அவரே ஏறி நின்று உதவுவார். நீட்டுகிற இனாமையும் வாங்கிக்கொள்வார். நானும்தான்.

அன்று எர்சின்ஜானைத் தாண்டியபின் தண்டவாளத்தில் பனி சரிந்து, ஒரு சின்ன நிலையத்தில் நின்றுவிட்டோம். பயணிகள் கூச்சல் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினார்கள். அப்போது மேட்டிலிருந்து ஒருவன் சறுக்குப் பலகையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பலகையில், கம்பளிக்குள் சுருண்டபடி ஒரு பெண். அவன் பெயர் ஹைதர், அவள் அவன் மனைவி சகீனே. சிறுநீரகம் இரண்டும் கெட்டவள். எர்சுரும் மருத்துவமனையில் முறை தவறாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். சாலையைப் பனி மூடியதில் இரண்டு முறை தவறிப்போயிருந்தது. முகம் வீங்கிக் கண்கள் உள்ளே புதைந்து கிடந்தாள்.

வெள்ளை ரோமக் கோட்டு போட்ட ஒரு பெண் போனை உயர்த்திக்கொண்டு வழியை மறித்தாள்.

"ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு! அண்ணே, சரியா விழல. அந்த மேட்டுக்குப் போய் இன்னொரு தடவை இழுங்க."

ஹைதர் அவளை ஏதோ அதிகாரி என்று நினைத்துவிட்டான். ரயிலில் ஏற்றும் முன் இப்படியொரு நடைமுறை போலும் என்று பலகையைத் திருப்பி மேடேறினான். மறுபடி இழுத்துக்கொண்டு வந்தான். வழியில் சகீனேயின் தலை பலகையின் கட்டையில் இடித்தது. முனகினாள்.

"சூப்பர்! அந்த அம்மா முகத்துல சோகம் அப்படியே வந்திருக்கு," என்றாள் கோட்டுக்காரி.

நான் தேநீர்த் தட்டோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினால், ஷெவ்கெத் அண்ணன் படிக்கம்பியைப் பிடித்துக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் துடைத்தவர் நேரே போய்ப் பலகையிலிருந்து சகீனேயைத் தூக்கினார். உட்காரும் பெட்டிகள் முழுக்க விடுப்பு முடிந்து திரும்பும் சிப்பாய்கள். காலியாக இருந்தது ஒரே ஒரு படுக்கை அறைதான். சுற்றுலாக் கும்பல் அதைப் படம் எடுப்பதற்கென்றே தனியாகப் பிடித்து அலங்கரித்து வைத்திருந்தது. அவர்களுடைய வழிகாட்டி ஒனூர் வாசலில் கையை விரித்து நின்றான்.

"இது போட்டோவுக்கு எடுத்த ரூம். அந்தம்மா படுத்தா நாத்தம் போகவே போகாது. எங்க ஆளுங்க கத்துவாங்க."

"நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். தள்ளுறா."

ஷெவ்கெத் அண்ணன் தோளாலேயே அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். அவளைக் கிடத்திவிட்டு, விளக்குச் சரத்தையும் வலைத் துணியையும் பிய்த்துக் குப்பைப் பைக்குள் திணித்தார். மெழுகுவத்திகளை ஜன்னல் வழியே எறிந்தார். நடைபாதையில் அத்தனை பேரும் போனில் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சகீனேக்குப் போர்த்த ஒருவரும் ஒரு சால்வை தரவில்லை. நான் என் கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவும் ரொம்ப நேரம் கழித்துத்தான்.

மூன்று மணி நேரத்தில் பாதை சரியாகி, எர்சுருமில் ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டது. சகீனே பிழைத்தாள்.

பயணிகள் புகார் எழுதினார்கள். விசாரணையில் அதிகாரி, "பயணிகள் பொருளை நாசம் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வாந்தியும் எடுத்தேன். அதையும் எழுதிக்குங்க."

கண்டனக் கடிதத்தோடு விட்டார்கள். அவரே மனுப் போட்டு, எர்சுருமில் பெட்டி கழுவும் பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஹைதர் பலகையை இழுக்கும் அந்தப் படம் 'மலை மக்களின் தூய காதல்' என்ற தலைப்பில் நாடெங்கும் சுற்றியது. என் மருமகளே எனக்கு அனுப்பினாள், கூடவே ஒரு சிவப்பு இதயம்.

போன குளிர்காலத்தில் பணிமனைக்குப் போய்ப் பார்த்தேன். குழாயை நிறுத்திவிட்டு வந்தார். எதையோ சொல்ல வேண்டும் என்று இருந்தார் போல.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல ஏறும்போது ஹைதர் கேட்டான்டா, 'அண்ணே, அந்த வெள்ளக் கோட்டு அம்மா ரயில்வே ஆபீசருதானே?'ன்னு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பொண்டாட்டிய சும்மா ஒரு படத்துக்காக ரெண்டாந்தடவ இழுத்தேன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அப்புறம் எப்படிடா அவ முகத்தைப் பார்ப்பான்?"

காறித் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்தார்.