மாலை போட்ட கம்ப்யூட்டர்

எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குத் தண்ணீர் வரி கட்ட நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

நானும் என் கணவரும் சேர்ந்து கட்டிய வீடு. அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த வீடும் ஒரு தையல் மிஷினும்தான். ஆயுத பூஜை முடிந்த வாரம், வீட்டு வரி கட்டலாம் என்று போனில் திறந்தால், உரிமையாளர் என்ற இடத்தில் எவனோ ஒருத்தன் பெயர். கதவு எண் என்னுடையது, தெரு என்னுடையது, பெயர் மட்டும் அவனுடையது. பெயரை மாற்றியது ஆயுத பூஜை அன்று என்று தேதியும் போட்டிருந்தது. கட்டிய புடவையோடு அலுவலகத்துக்கு ஓடினேன்.

வரிப் பிரிவு கிளார்க் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு லீவும்மா. மொத நாளே கம்ப்யூட்டர தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, மாலை போட்டுட்டோம். பூஜை போட்டத யாரும் தொடமாட்டோம்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன். நீங்க யாரும் தொடல. அப்ப மாத்துனது யாரு?"

"யாரும் தொடலன்னா யாரும் மாத்தலன்னுதானம்மா அர்த்தம்?"

"எங்கிட்ட பத்திரம் இருக்கு சார்!"

"பத்திரம் பீரோல இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதான் எங்களுக்கு."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தானே போனீர்கள் என்று கேட்டேன். மனுஷன் கொஞ்சம் நெளிந்தார்.

"ஸ்கிரீன்ல சரஸ்வதி படம் வச்சிருந்தோம்மா. கற்பூரம் காட்டிட்டு சாமிய எப்பிடி அணைக்கறது? அப்பிடியே வுட்டுட்டுப் போயிட்டோம்."

நானும் தையல் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறவள்தான். அதற்காக மோட்டாரை ஓடவிட்டுவிட்டு ஊருக்குப் போவேனா? அதை விடுங்கள், அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிப் போட்டது. கொஞ்ச நாள் முன்னால் யாரோ சென்னையிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அப்டேட் என்று ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னாராம். அன்றிலிருந்து அவரே அங்கிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாராம்.

"சில சமயம் அம்புக்குறி தானா நவுரும். நாங்க கைய எடுத்துடுவோம். தங்கமான மனுசன், கோவமா ஒரு வார்த்த பேசமாட்டாரு."

"ஐயோ சார், அவன்தான் திருடன்!"

"பாக்காதவர அப்பிடி சொல்லாதீங்கம்மா."

பஸ் ஏறிக் கடலூர் போனேன். இந்த மாதிரி கம்ப்யூட்டர் திருட்டைப் பார்க்கிற போலீஸ்காரர் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டரு யாருது?" என்றார்.

"ஆபீசுது சார். வீடுதான் என்னுது."

"அப்ப ஆபீசுதான் புகார் குடுக்கணும். அவுங்க கம்ப்யூட்டர்ல ஆள் பூந்துட்டான்னு நீங்க சொன்னா நாங்க எப்பிடி எறங்கறது?"

திரும்பி வந்து கிளார்க்கிடம் சொன்னால், போலீஸ் கேட்டு எழுதினால்தான் நாங்கள் புகார் கொடுப்போம் என்றார். மறுபடி கடலூர். மறுபடி இங்கே. கண்டக்டருக்கே என் முகம் பழகி, "என்னக்கா, இன்னைக்கும் கடலூரா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவனோ ஒருத்தன் என் வீட்டுக்குத் தன் பெயரில் வரி ரசீது எடுத்து வைத்துக்கொண்டு அதைக் காட்டி எங்கே என்ன செய்கிறானோ என்ற நினைப்புதான் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கிளார்க்கே ஒரு வழி சொன்னார், ஆன்லைனில் மனு போடச் சொல்லி. போட்டேன். இரண்டு நாளில் மனு முடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. அடுத்த நிமிஷம் அலுவலகத்தில் போய் நின்றேன். நான் போட்ட மனு நேராக அதே கம்ப்யூட்டருக்குத்தான் போயிருக்கிறது! அவர் திறந்து காட்டினார். பதில் என்று இருந்தது இதுதான்: நேரில் விசாரித்ததில் மனுதாரர் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்று தெரியவந்தது.

"வாடகையா? நானா?"

கிளார்க்கின் முகம் வெளிறிவிட்டது. "அம்மா சத்தியமா இத நான் எழுதல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அம்புக்குறி நகர்ந்தது. எங்கள் இருவர் கண் முன்னால், யாரும் தொடாமல், என் மனுவை மூடிவிட்டு அடுத்த தெருவின் கணக்கைத் திறந்தது. கிளார்க் பழக்க தோஷத்தில் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் மேஜைக்கு அடியில் குனிந்து, கையில் சிக்கிய ஒயரையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். காய்ந்த மாலையும் சேர்ந்து வந்தது.

"ஐயய்யோ, கவர்மெண்ட் சொத்தும்மா!" என்று கத்தினார்.

அன்று சாயங்காலமே வீட்டு வாசலில் போலீஸ். நான் கடலூருக்கும் இங்குமாக நாயாக அலைந்தும் ஒரு வரி எழுதாத அலுவலகம், என் மேல் மட்டும் உடனே புகார் எழுதிவிட்டது, கையெழுத்தும் சீலும் வைத்து. வந்த ஏட்டய்யா அதை உரக்கப் படித்தார். மேற்படி கதவு எண் கொண்ட வீட்டின் உரிமையாளரான இவர், அரசு அலுவலகத்துக்குள் நுழைந்து...

"இருங்க சார். அந்த மொத வரிய இன்னொரு தரம் படிங்க."

படித்தார். வீட்டின் உரிமையாளரான இவர். அலுவலகத்து சீலோடு.

"படிச்சாச்சு. ஸ்டேசனுக்கு வரணும்மா," என்றார்.

"வரேன் சார், தாராளமா வரேன். அதுல ஒரு ஜெராக்ஸ் மட்டும் எனக்கு வேணும்," என்று செருப்பை மாட்டினேன்.