பூச்சாடியிலிருந்து வெளிச்சம்

நீங்கள் கல்யாணத்துக்குப் பதிவு செய்யப் போனபோது, "உன் அம்மா யார் என்பதற்கு ஆதாரம் கொண்டு வா" என்று உங்களை யாராவது திருப்பி அனுப்பினார்களா? அனுப்பவில்லை என்றால், ஏன் அனுப்பவில்லை என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா?

ஃபாயினா லெம்பெர்க்கின் மகளைத் திருப்பி அனுப்பினார்கள். இஸ்ரேலின் துறைமுக நகரமான அஷ்தோதில் ஃபாயினா எடுத்த படம் மாட்டாத வீடு குறைவு. சோவியத் நாடு உடைந்துகொண்டிருந்த நாட்களில் பெலாரஸின் கோமெல் நகரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர். வந்த புதிதில் ஒரு வருஷம் மீன் பதனிடும் கூடத்தில் நின்றார். பிறகு ப்ரோஸ்பெர் ஒஹானாவின் ஸ்டூடியோவில் சேர்ந்தார். ப்ரோஸ்பெர் மொராக்கோக்காரர், தலையில் எப்போதும் குல்லா, வாயில் எப்போதும் சண்டை. கொஞ்ச நாளில் இருவரும் பங்காளிகள் ஆனார்கள். வேலையைப் பாதி பாதி பிரித்துக்கொண்டார்கள். கல்யாணங்கள் ப்ரோஸ்பெருக்கு. மற்றதெல்லாம் ஃபாயினாவுக்கு.

அந்த மற்றதெல்லாம்தான் இந்த ஊர். ராணுவத்தில் உறுதிமொழி எடுக்க நிற்கும் மகனின் காலரை இழுத்துச் சரிசெய்யும் தாய். ராக்கெட் சைரன் அடித்ததும் மாடிப்படியில் வந்து குந்தியிருக்கும் குடித்தனக்காரர்கள். அதில் ஒருத்தி கையில் பாதி நறுக்கிய வெள்ளரிக்காய். துறைமுக வேலைநிறுத்தத்தில் மழையில் நனைந்து மை ஒழுகும் அட்டைகள். கடற்கரை பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பும் ஜார்ஜியக் கிழவர்கள். கூலி கொடுத்தவர்கள் கேட்ட படத்தை எடுத்துவிட்டு, கூலி இல்லாத இந்தப் படங்களையும் ஃபாயினா எடுத்துக்கொண்டு வருவார். நகர நூலகத்தில் ஒருமுறை இவற்றை மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் முகத்தைத் தேடிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அவருக்குச் சோறு போட்டது பாலர் பள்ளிகள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றினால் யூதர்களின் ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும், அதன்பின் எந்த வேலையும் கூடாது. அதற்கு ஒத்திகையாக அன்று காலையில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சிறுமியைச் 'சபாத் அம்மா'வாக உட்கார வைப்பார்கள். தலையில் முக்காடு, முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி. இரு கைகளாலும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பிரார்த்தனை சொல்ல வேண்டும். எல்லாச் சிறுமிகளும் விரலிடுக்கு வழியாகக் கேமராவைப் பார்ப்பார்கள். அந்த ஒற்றைக் கண்ணைத்தான் ஃபாயினா பிடிப்பார். இன்று இந்த நகரத்தில் கல்யாணமாகும் பெண்களில் எத்தனையோ பேர் மெழுகுவர்த்தி ஏற்றும் முதல் படம் அவர் எடுத்தது. அவருடைய மகள் அயெலெத்தின் படமும் அதில் உண்டு.

அந்த அயெலெத்துக்கும் நெதானெல் என்ற பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். நெதானெலிடம் பெயரைக் கேட்டார்கள், விலாசத்தைக் கேட்டார்கள், முடிந்தது. அயெலெத்திடம், "உங்கம்மா ரஷ்யப் பக்கத்துலேர்ந்து வந்தவங்களா? மத நீதிமன்றத்துக்குப் போய் யூதர்னு நிரூபிச்சுட்டு வாங்க" என்றார்கள். வரி வாங்கும்போது இந்தக் கேள்வி இல்லை. ராணுவத்தில் இரண்டு வருஷம் நிற்க வைத்தபோது இல்லை. கல்யாணம் மட்டும் மதத்தின் கையில். மதம் சாராத பதிவுத் திருமணம் என்று ஒன்று இந்த நாட்டுக்குள் கிடையாது. தாய் யூதர் என்றால் பிள்ளை யூதர், அந்தத் தாய்க்கும் தாய் யூதராக இருக்க வேண்டும். ஆகவே கேள்வி போய் நின்றது ஃபாயினாவின் அம்மா சிலியாவிடம். அவர் இறந்து எத்தனையோ காலம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியபோது, பிழைத்துக் கிடக்க வேண்டும் என்று, காகிதத்தில் தன்னைப் பெலாரஷ்யர் என்று எழுதிக்கொண்டவர் அவர்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு படம். சிலியா மேசைக்கு முன் நிற்கிறார், தலையில் துணி, மேசையில் பூச்சாடி. அந்தப் பூச்சாடி அங்கே இருந்ததே இல்லை. ஃபாயினாவின் அப்பாவும் ஸ்டூடியோக்காரர்தான். யூத மருத்துவர்கள் சதி செய்கிறார்கள் என்று மாஸ்கோ பத்திரிகைகள் எழுதிய அந்தக் குளிர்காலத்தில், அவர் உட்கார்ந்து படத்திலிருந்த இரண்டு மெழுகுவர்த்திகளைப் பிளேடால் சுரண்டி, அந்த இடத்தில் மெல்லிய தூரிகையால் பூச்சாடி வரைந்துவிட்டார். பிறகு எப்போதோ மகளிடம் அதைச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

"இதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார் ப்ரோஸ்பெர். அவரும் ஃபாயினாவும் அயெலெத்தும் ஸ்டூடியோவில் இருந்தார்கள், படம் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. "பூச்சாடியைத் தூக்கு, ரெண்டு மெழுகுவத்தியை வை. காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"வைக்கத் தெரியாமலா உட்கார்ந்திருக்கேன்?" என்றார் ஃபாயினா.

"பின்ன என்ன? பொய்யா வைக்கச் சொன்னேன்? இருந்ததத்தானே வைக்கச் சொல்றேன்!"

"எங்கப்பா ஒரு ஆபீசுக்குப் பயந்து சுரண்டினாரு. இப்ப இன்னொரு ஆபீசுக்குப் பயந்து நான் ஒட்டணுமா?"

"அம்மா, பெரிய பேச்செல்லாம் அப்புறம் பேசலாம்" என்றாள் அயெலெத். "மண்டபக்காரன் தினமும் போன் பண்றான். நெதானெலோட அம்மா என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. ரெண்டு மெழுகுவத்திம்மா! ஊர் மூஞ்சியில எல்லாம் பருவை எடுக்கறே, தொப்பையைக் கரைக்கறே, எனக்கு மட்டும் முடியாதா?"

"பருவை எடுத்தா யாரும் என்னைக் கோர்ட்டுல சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டாங்கடி."

"உங்கம்மாவுக்குக் கொழுப்பு" என்றார் ப்ரோஸ்பெர் அயெலெத்திடம். "ரஷ்யக் கொழுப்பு. இறங்காது."

ஃபாயினா ஒருமுறை முயன்றுதான் பார்த்தார். சுடர்கள் கச்சிதமாக வந்தன. அந்தக் கச்சிதமே அவருக்குப் பிடிக்கவில்லை. அழித்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. அம்மாவின் மோவாய்க்கு அடியில் வெளிச்சம். இரண்டு கருவிழிகளிலும் அடுத்தடுத்து இரண்டு சின்ன வெளிச்சப் பொட்டுகள். அப்பா மேசையைச் சுரண்டினார், கண்களைத் தொடவில்லை.

அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு மத நீதிமன்றத்துக்குப் போனோம். சாட்சியாக ப்ரோஸ்பெர், கூட்டத்துக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில். தாழ்வாரத்துச் சுவரில் பாலர் பள்ளிச் சிறுமி ஒருத்தியின் படம் மாட்டியிருந்தது: முக்காடு, மெழுகுவர்த்தி, விரலிடுக்கில் ஒரு கண். எடுத்தது ஃபாயினா. கீழே பெயர் போடவில்லை. அவர் அதைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார்.

உள்ளே மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் மட்டும் பேசினார். மரியாதையான மனிதர்.

"அம்மா, இதுல இருக்கறது பூச்சாடி."

"முகத்தைப் பாருங்க ஐயா. வெளிச்சம் கீழேர்ந்து வருது. கண்ணுல ரெண்டு பொட்டு தெரியுது. பூவுலேர்ந்து வெளிச்சம் வருமா?"

அவர் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தார். நேர்மையாகவே பார்த்தார். "வராது. ரெண்டு சுடர் இருந்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா கரண்ட் போனா உங்க ஊர்ல எல்லா வீட்லயும் மெழுகுவத்திதானே?"

"இது வெள்ளிக்கிழமை சாயங்காலம்" என்று மட்டும் சொன்னார் ஃபாயினா.

"சரி. சபாத் மெழுகுவத்தியே வச்சுக்குவோம். படத்தை யார் எடுத்தாங்க?"

"எங்கப்பா."

"மெழுகுவத்தி ஏத்தின பிறகா? சபாத்ல கேமராவைத் தொட்டாரா?" அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "தொட்டதால யூதர் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா என் மனசுல ஒரு சந்தேகம் வருதே, அதை நான் என்ன செய்ய?"

அடுத்து ப்ரோஸ்பெரை அழைத்தார்கள். ஃபாயினாவை எத்தனை காலமாகத் தெரியும் என்று கேட்பதற்கு முன்னால், வழக்கமான கேள்வி.

"நீங்க யூதர்தானே?"

"எங்கம்மா அப்படித்தான் சொன்னா."

"நல்லது. மேல சொல்லுங்க."

"ஆதாரம் கேக்கலையா?"

"உங்களுக்குத் தேவையில்லை."

"ஏன் தேவையில்லை? எங்கம்மா மெழுகுவத்தி ஏத்துற படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல, ஐயா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமராவைத் தொட்டிருந்தா என் கையை ஒடிச்சிருப்பா!"

நீதிபதி சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, அதைவிட வேற ஆதாரம் வேணுமா?"

ஃபாயினாவிடம் படம் இருந்தது, அதனால் சந்தேகம். ப்ரோஸ்பெரிடம் படம் இல்லை, அதுவே ஆதாரம். இதை அந்த அறையில் யாரும் விசித்திரம் என்று நினைக்கவில்லை, ப்ரோஸ்பெரைத் தவிர. "அப்ப என்னையும் எழுதிக்குங்க!" என்று அவர் மேசையைத் தட்டினார். "ப்ரோஸ்பெர் ஒஹானா, சந்தேகம்! ரெண்டு பேருக்கும் ஒரே கடை, ஒரே கழிப்பறை. சந்தேகமும் பங்குலதான் வரணும்!"

"வெளிய போய்த் தண்ணி குடிங்க, ப்ரோஸ்பெர்" என்றார் நீதிபதி, அன்பாகவே.

தீர்ப்பு: யூதரா என்பது ஐயத்துக்குரியது, மேலும் ஆதாரம் தரலாம். அந்த மனிதர் தர்க்கத்தில் எங்கும் தவறவில்லை. கரண்ட் போகும், சரி. மெழுகுவர்த்தி எல்லா வீட்டிலும் இருக்கும், சரி. செத்துப்போன ஒரு பெண் எந்தச் சுடர் முன் நின்றாள் என்று, உயிரோடு இருக்கும் இருவரின் கல்யாணத்துக்காக இத்தனை படித்தவர்கள் மணிக்கணக்கில் பூதக்கண்ணாடி பிடிக்கிறார்களே, அது மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. கேட்கவே கூடாத கேள்விக்குச் சரியான விடை தேடிக்கொடுத்து என்ன பயன்? சிலியாவின் மெழுகுவர்த்திகள் நாளைக்கே முழுதாகத் திரும்பக் கிடைத்தாலும் அந்தக் கேள்வி அசிங்கமாகத்தான் இருக்கும்.

காரில் அயெலெத் முன்னிருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி வழியில் கேட்டாள். "நீ மெழுகுவத்தி வச்சிருந்தாலும் யார் படம் எடுத்ததுன்னுதான் கேட்டிருப்பான், இல்ல?"

"கேட்டிருப்பான்."

"மறுபடி நான் இங்க வரமாட்டேம்மா."

"வராதே" என்றார் ஃபாயினா. "எனக்கும் முடியல."

அயெலெத்தும் நெதானெலும் சைப்ரஸ் தீவுக்குப் பறந்து, லார்னகா நகரசபையில் ஒரு கிரேக்கக் குமாஸ்தா முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். வெளிநாட்டுக் கல்யாணம் என்பதால் அந்தக் காகிதத்தை நம் அரசு வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் நீதிமன்றத்துக் கோப்பில் அந்த 'ஐயம்' அப்படியே இருக்கிறது. அயெலெத்துக்கு இப்போது ஏழாம் மாதம். பெண் பிறந்து, வளர்ந்து, யாரையாவது விரும்பினால், அந்தக் கோப்பை மறுபடி திறப்பார்கள். லார்னகாவுக்கு ஃபாயினா போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, பாலர் பள்ளியில் வேலை இருந்தது.

ப்ரோஸ்பெர் மட்டும் ஓயவில்லை. தன் இளைய மகன் கல்யாணப் பதிவுக்குப் போன அன்று கூடவே போய் ஜன்னல் முன் நின்றார். "எங்ககிட்டயும் ஆதாரம் கேளு, கேக்காம நகர மாட்டேன்" என்றார். குமாஸ்தா சிரித்தான். மகன் தலையில் அடித்துக்கொண்டு, "அப்பா, மானத்த வாங்காதீங்க" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஒற்றை ஆள் நின்றால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, உங்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, பின்னால் வருபவரிடம் மட்டும் பிறப்புக்கு ஆதாரம் கேட்கும் ஜன்னல் ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கும். அடுத்த முறை அங்கே போகும்போது உள்ளே போய்விடாதீர்கள். அவர் பக்கத்தில் நின்று, "என்னையும் கேள்" என்று சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள். தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.