படகை ஆட்டியவன்

தென்னேரியில் அன்று படகை ஆட்டியவன் நான்தான். தங்கை கஸ்தூரி எழுந்து நின்றதால் கவிழ்ந்தது என்று அப்பாவிடம் பொய் சொன்னவனும் நான்தான். சிறு வயதில் ஒரு விடுமுறைக்கு அந்த ஊரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் கட்டியிருந்த சிறு படகில் ஏறி, அவளைப் பயமுறுத்த விளையாட்டாக ஆட்டினேன். இடுப்பளவுத் தண்ணீர், இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா அவளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. பள்ளியில் எல்லோரும் வேடந்தாங்கல் போனபோது அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். சிதம்பரத்தில் படிக்கும்போது தோழிகள் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போகக் கூப்பிட்டார்கள். "படகுல எழுந்து நிக்கிற பொண்ணு" என்று அப்பா அதையும் மறுத்துவிட்டார். நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூருக்கு வந்து எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இந்த ஊரில் தண்ணீரில் இறங்குவதற்கு முன் தரையில் படகோட்டச் சொல்வார்கள். உபின் தீவின் கரையில், மணலில் வைத்த கயாக் படகில் கஸ்தூரி முன்னாலும் நான் பின்னாலுமாக உட்கார்ந்து காற்றைத் துழாவினோம். என்னைப் பார்க்க காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்தாள். அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று பிடிவாதமாகக் கூட்டிவந்தது நான். "இன்னாண்ணா, மண்ணுல ஓட்டறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. கொக்குகளையும் நீல மீன்கொத்திகளையும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். எங்களையும் இன்னும் சில படகுகளையும் தன் படகில் முன்னால் போய்க் கூட்டிவந்த வழிகாட்டி, வெய் என்ற சீன இளைஞன். அவன் துடுப்பால் காட்டிய வேரில் ஆளுயர உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சட்டென்று கஸ்தூரி கையை நீட்டினாள். எங்கள் ஊர்க் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுத் தொட்டுப் பழகிய கை அது.

"ஆன்ட்டி, வேண்டாம்! சாப்பிடக் கூடாது, சட்டம் இருக்கிறது!" என்று வெய் ஆங்கிலத்தில் பதறினான்.

"இன்னா சொல்றான்?"

"உடும்பைச் சாப்பிடக் கூடாதாம்."

"அடச்சீ! நான் ஏம்பா சாப்புடறேன்? பல்லி ஜாதிதானே, தொட்டா பாவம் போவும்னு நீட்டினேன்." பிறகு திரும்பாமலே சொன்னாள்: "எனக்கில்ல. உனக்கு."

துடுப்பு என் மடியில் கிடந்தது. வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "தென்னேரியில ஆட்டினது நான்தான் கஸ்தூரி," என்றேன்.

"இது எனக்கே சொல்ற சேதியா? நான் ஒக்காந்துக்கினுதானே இருந்தேன்! அப்பாகிட்ட சொல்லியிருக்கணும் நீ."

அப்பா போய் எத்தனையோ காலமாகிவிட்டது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் படகு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. முன்னால் அவள் இரண்டு விளிம்பையும் பிடித்து முழு பலத்தோடு ஆட்டிக்கொண்டிருந்தாள். உடும்பு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. வெய் திரும்பிப் பார்த்த நொடியில் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டாள்.

"ஹீ ஷேக்! ஹீ ஷேக்!" என்று, ஆட்டியது நான்தான் என்பதுபோல் என்னைக் காட்டினாள்.

"அங்கிள்! இந்த வயதில் இதென்ன விளையாட்டு? ஆன்ட்டி விழுந்தால் யார் பொறுப்பு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டான் வெய். மற்றப் படகுகளில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். 'நான் இல்லை, அவள்தான்' என்பது நாக்கின் நுனிவரை வந்தது. அன்று ஏரிக்கரையில் சொன்ன அதே வார்த்தைகள். விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாம், நான்தான் ஆட்டினேன். தப்பு என்னுடையது," என்றேன்.

கஸ்தூரியின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என்னை நம்பி இனி ஆளை ஏற்ற முடியாது என்று வெய் முடிவு செய்தான். இரண்டு படகுகளையும் பக்கத்து மணல்திட்டில் ஒதுக்கி, அவளைத் தன் படகின் முன் இருக்கைக்கு மாற்றிக்கொண்டான். சற்று தூரத்தில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலை தூக்கியது. எல்லோருக்கும் முன்னால் போய் அவள் அதைப் பார்த்தாள்.

இருவர் படகில் நான் மட்டும். பாரமில்லாத முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. எந்தப் பக்கம் துழாவினாலும் படகு வட்டமடித்தது. ஒரு சுற்றில் மரங்களின் இடைவெளியில் நாங்கள் புறப்பட்ட கரை தெரிந்தது, மறு சுற்றில் கஸ்தூரி.

"நேரா வாண்ணா!" என்று காஞ்சிபுரக் குரலில் கூப்பிட்டாள்.

"அங்கிள், கரைக்குத் திரும்புங்கள்!" என்றான் வெய்.

காலி இருக்கையைப் பார்த்தபடி, அவள் குரல் வந்த பக்கமாக இன்னொரு முறை துடுப்பைப் போட்டேன்.