எதிரே நிற்க ஆளில்லாத ஆட்டக்காரன்

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானம். விடுமுறைக்கு மாணவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். தான்சானியாவிலிருந்து படிக்க வந்த ஜோசப் மட்டும் விடுதியில் தங்கியிருக்கிறான். அவனை எங்கள் சென்னைக் கூடைப்பந்து அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறேன்.

எறிவதெல்லாம் வளையத்துக்குள் விழுகிறது. ஆனால் மறிக்க ஆளில்லாமல் எதை வைத்து முடிவு செய்வது?

"ஏனுங்க சார், நீங்களே எதுக்க நின்னு பாருங்களே," என்கிறார் விளையாட்டு ஆசிரியை மல்லிகா.

தொப்பையோடு போய் நிற்கிறேன். வலப்பக்கம் மறித்தால் திணறுகிறான். இடக்கையில் பந்து நிற்கவில்லை. அணிக்கு ஆகமாட்டான் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. நானும் யாருடனாவது ஆடி வருடங்களாகின்றன. என்மேல் மோதும்போதெல்லாம் அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.

வெயில் இறங்கியதும் சொல்லிவிடுகிறேன்: "இந்த வருசம் எடுக்க முடியாது, ஜோசப். இடக்கையைப் பழக்கு."

தலையாட்டுகிறான். வாசல்வரை கூடவே வருகிறான். சேலம் பஸ் வந்து நிற்கிறது. நான் படியில் கால் வைக்கும்போது, இந்த ஊர்த் தமிழில் கேட்கிறான்:

"நாளைக்கும் ஆட வாரீங்களா சார்?"