குச்சியில்லாத வெல்டிங்

இரும்பை ஒட்டுவது சுகம். இரும்புக்குச் சொந்தக்காரரை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. இந்தத் தொழிலில் கை கறுத்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

வெளிநாட்டுச் சாமான்கள் வராத எழுபதுகளில் மருதனார்மடத்தில் லேத் பட்டறை வைத்திருந்தேன். வெல்டிங் குச்சி மருந்துக்கும் கிடையாது. பட்டறையைப் பூட்டுவோமா என்று யோசித்தபோதுதான் முன்பு வேலை பார்த்த கொழும்புத் தொழிற்சாலையில் கண்ட வித்தை நினைவுக்கு வந்தது. ஒரு துண்டை லேத்தில் பூட்டிச் சுழலவிட்டு, மற்றத் துண்டை லொறி தூக்குகிற ஜக்கால் அதன் முகத்தோடு அழுத்தவேண்டும். உரசுகிற சூட்டில் இரண்டும் பழுத்து இளகும். சட்டென்று சுழற்சியை நிறுத்தி இன்னும் இறுக்கினால் ஒட்டிவிடும். குச்சியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். சனம் நம்பினால் போதும்.

ஈர்க்கு அளவு

முதலில் வந்தவர் ஒரு வெங்காயத் தோட்டக்காரர். தண்ணீர் இறைக்கிற மெஷினின் முறிந்த தண்டைக் கொண்டுவந்தார். உரசும்போது இரும்பு பிதுங்கி வெளியே வரும், தண்டு அவ்வளவுக்குக் குறுகும். ஆகவே இடையில் ஒரு சிறு துண்டு சேர்க்கவேண்டும். அவசரத்தில் மறந்துபோனேன். மனுசனோ வீட்டிலேயே ஈர்க்கில் அளவெடுத்து, மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். வைத்துப் பார்த்தால் கால் அங்குலம் குறைவு.

பிழை என்னுடையது, திருத்தித் தருகிறேன் என்றேன். அவர் நிலத்தைப் பார்த்தார். பிறகு என் காற்சட்டைப் பையைப் பார்த்தார். மெல்லக் கிட்ட வந்து சொன்னார்: "தம்பி, எடுத்த துண்டைத் தந்திடும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

மினுக்கின குற்றம்

அடுத்தவர் கொடிகாமத்து உழவு மெஷின்காரர். இவருடைய முறிந்த தண்டுக்குத் துண்டும் சேர்த்து, பிதுங்கினதையும் கடைந்தெடுத்து, கண்ணாடிபோல மினுக்கிக் கொடுத்தேன். ஒட்டின இடம் எனக்கே தெரியவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்த பெருமை.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். வெல்டிங் என்றால் வேப்பம் பிசின்போல வீங்கி நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. "இதுக்கு முறிஞ்சபடியே இருந்திருக்கலாம். எங்கை முறிஞ்சதெண்டாவது தெரிஞ்சது!" என்றார்.

முதல் பயணம்

தொண்டைமானாற்றுச் சம்மாட்டியார் ஒருவர் தன் மீன்பிடிப் போட்டின் முறிந்த எஞ்சின் தண்டைத் தந்தார். ஒட்டிக் கொடுத்தபோது அளக்கவுமில்லை, உருட்டவுமில்லை. இவரல்லவோ மனுசன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் விடிய வந்து நின்றார். "வெளிக்கிடும் தம்பி. ஒட்டினவர் முதல் பயணம் எங்களோடை வரவேணும். அதுதான் எங்கடை வழக்கம்."

எனக்கு நீந்தத் தெரியாது. போகாவிட்டால் கரை முழுக்கக் கதை பரவும், பட்டறைக்கு அன்றோடு பூட்டு. போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. "வாறன்" என்று சொல்லிப் போட்டில் ஏறினேன்.

கரை மறைந்தது. நான் தண்டின் பக்கத்தில் குந்தியிருந்து கண்ணெடுக்காமல் பார்த்தேன். சந்நிதி முருகனுக்கு நேர்ந்த தேங்காய் ஐம்பதாகி, நூறாகியது. திடீரென்று 'டக்' என்றொரு சத்தம். எஞ்சின் அலறியது, போட் நின்றது. குனிந்து பார்த்தால் தண்டு முறிந்துதான் கிடக்கிறது. ஆனால் என் ஒட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கம்பனிக்காரன் செய்த பழைய இரும்பில்! நடுக்கடல் என்பதையும் மறந்து கைதட்டினேன். "அண்ணை, என்ரை ஒட்டு அப்பிடியே நிக்குது!"

வேறு எவரும் கைதட்டவில்லை. சம்மாட்டியார் கரைக்குத் திரும்பப் பாயை ஏற்றிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப முழுத் தண்டையும் துண்டு துண்டாய் வெட்டி ஒட்டித் தந்திருக்கலாமே தம்பி?"

எங்கள் தொழிலில் நல்ல பெயர் எடுக்க நாங்கள் செய்தது நின்றால் மட்டும் போதாது, நாங்கள் தொடாததும் முறியாமல் இருக்கவேண்டும்.