“எறங்கிட்டேன்” என்று சொன்னவர்

வானொலித் தொலைநோக்கியின் பெரிய கிண்ணத்தைத் திருப்பும் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வைப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவர் வேலை. எல்லோருக்கும் அவர் கிரீஸ் அண்ணன். அவர் சட்டைகளை மனைவி தனி வாளியில்தான் ஊறவைப்பாள்.

அன்று காலை அவர் மேலே இருந்தபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர் ஃபோன் அடித்தது. மேலே ஒன்றும் ஏணியடியில் ஒன்றுமாக ஒரே லைன்; எங்கிருந்து எடுத்தாலும் அங்கே தெரியாது. பேசியவள் ஆராய்ச்சி செய்யும் பெண். ஒரே ஒரு நட்சத்திரத்துக்காக மூன்று வருஷமாகத் தவம் கிடப்பவள்.

“அண்ணே, அது முழிச்சுக்கிச்சு! எக்ஸ்ரேயா கக்குதாம், சாட்டிலைட்லேர்ந்து இப்பதான் தகவல் வந்துச்சு. உடனே திருப்பணும். எறங்கிட்டீங்களா?”

“எறங்கிட்டேம்மா, திருப்பிக்கோ.”

அவள் தவிப்பைக் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. இறங்கத்தான் போனார். பாதி ஏணியில்தான் ஸ்பேனரை மேலேயே விட்டது ஞாபகம் வந்தது. அது பல்லுக்குள் விழுந்தால் சக்கரமே போச்சு. மறுபடி ஏறினார்.

கிண்ணம் திரும்பியது. இடது கால் சக்கரத்துக்குள் சிக்கியது. அதன் பிறகு கிண்ணம் நட்சத்திரத்தின் பின்னாலேயே நூல் நூலாக நகர்ந்தது. ஃபோன் கைக்கு எட்டவில்லை. அவர் கத்தியது காற்றோடு போயிற்று. இருபது நிமிஷம் கழித்துத்தான் காவலாளியின் காதில் விழுந்தது. அந்த இருபது நிமிஷத்துக்குள் நட்சத்திரத்தின் வெடிப்பும் பதிவாகியிருந்தது.

முழங்காலுக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் பழி அந்தப் பெண்ணின் தலையில் விழ இருந்தது. “நான்தான் பொய் சொன்னேன்” என்று எழுதிக் கொடுத்தார். மனைவி ஒரு மாசம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அப்படி என்னதான் வந்துச்சு அதுலேர்ந்து?” என்று மனைவி கேட்டாள்.

“அது செத்துப்போன நட்சத்திரம்க்கா. ஒரு ஊர் அளவுதான், ஆனா சூரியனைவிடக் கனம். அதோட காந்தம் இழுக்கிற இழுப்புல மேல் ஓடே விரிசல் விட்டுரும். அந்த உலுக்கல்ல ரேடியோ அலை வெடிச்சுக் கிளம்பும்... அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறோம்.”

“நெனைக்கிறீங்களா? நிச்சயமாத் தெரியாதா?”

“தெரியாதுக்கா.”

“எவ்வளவு நேரம் வந்துச்சு?”

“ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா, அதுல ரெண்டு மூணு.”

“இவரு இருபது நிமிஷம் கத்துனாரு.”

“விடு, போதும்” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அந்தப் பெண் அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனாள். அவரை வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். செல்போன் அலை கிண்ணத்தைக் குழப்பாமல் இருக்க, உள்ளே வருகிறவர்களின் செல்போன்களை அணைக்கச் சொல்லி வாங்கி, நம்பர் போட்ட பெட்டியில் வைப்பார். மேலே என்ன கேட்கிறது என்று யாராவது விசாரித்தால், “எனக்குத் தெரியாதுப்பா” என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.