மேல்மாடியில் ஆட்கள் இல்லை

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு ஒரு மேல்மாடி இருந்தது. இரண்டு அறை, ஒரு குளியலறை, பின்பக்கமாக இறங்குகிற இரும்புப் படி. ஒழுங்கையால் போகிற எவருக்கும் அது தெரியும். மாநகர சபைக்கு மட்டும் தெரியாது. சபையில் கிடந்த பிளானின்படி எங்கள் வீட்டுக்கு மேலே வானம்தான்.

கட்டியவர் என் அப்பா. ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க். கந்தோர்ப் பேனையை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். பஸ்ஸில் கொண்டக்டர் டிக்கெட் தர மறந்தால் கூப்பிட்டுக் கேட்டு வாங்குவார். அப்படிப்பட்டவர் சட்டத்தை மீறி ஒரு மாடியே கட்டினார் என்றால் நம்புவீர்களா? ஆனால் பிரச்சினை தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து ஹோலில் பாய் விரித்தார்கள். காலையில் குளியலறைக்குப் போக நாலு பேரைத் தாண்ட வேண்டும். அனுமதிக்கு எழுதிப் போட்டால் பதில் வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் வந்த சனம் நின்றுகொண்டா நித்திரை கொள்ளும்? அப்பா மேசன் பாஸைக் கூப்பிட்டார்.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மட்டும்தான் வேலை. அந்த நாட்களில் சபைக்காரர் வெளியில் வரமாட்டார்கள். கொழும்பில் எத்தனையோ வீடுகள் இப்படிப் போயாவுக்குப் போயா வளர்ந்தவைதான். எங்கள் பாஸ் நல்ல பக்தியான மனிதர். தாயாரைப் பன்சலை விகாரையில் இறக்கிவிட்டு, தானும் ஒரு பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, நேரே வந்து எங்கள் சுவரை எழுப்புவார். புத்தர் பிறந்த வெசாக் நாளில்தான் எங்களுக்குக் கொங்கிறீட் போட்டது.

வந்தவர்கள் பிறகு ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கடைசியில் மேலே மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒரு ரீச்சர், அவருடைய ஒரே மகன். எங்களுக்குச் சொந்தமில்லை, சொந்தக்காரருக்குத் தெரிந்தவர்கள். ரீச்சர் சாந்தமான மனிசி. மகனுக்கு இருபது வயது, கொட்டாஞ்சேனையில் ஒரு கணக்கியல் வகுப்புக்குப் போய்வந்தான். என்னை 'அக்கா' என்பான். நான் அவனைப் பெரிதாகக் கவனித்தது கிடையாது. எனக்கு அப்போது இருபத்தெட்டு, என் கவனமெல்லாம் கனடாவில்.

அம்மா இல்லை, நானும் அப்பாவும்தான். ரொறொன்ரோவில் இருந்த அண்ணா எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்பொன்சர் செய்து, விசாவும் வந்துவிட்டது. குறித்த திகதிக்குள் போய் இறங்க வேண்டும். அப்பாவோ வீட்டை விற்காமல் அசையமாட்டேன் என்று நின்றார். பூட்டிவிட்டுப் போன வீடுகளுக்கு அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

வாங்க வந்தவர் கொம்பனித்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப் போகிறாராம். மேலே போனார், படியைத் தட்டிப் பார்த்தார், திருப்தியாகச் சிரித்தார். ஆனால் அவருடைய லோயர் பிளானைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"ஐயா, மாடி நல்ல மாடிதான். ஆனா கவுன்சில்ல இருந்து ஒரு கடிதம் வேணும். மேல ஒரு குறையும் இல்லேண்டு. இல்லாட்டி லோயர் கையெழுத்து வைக்க மாட்டாராம்" என்றார்.

அப்பா உண்மையைச் சொல்லி, தண்டம் கட்டி, மாடியைப் பதிவு செய்வோம் என்றார். அதற்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்று கேட்டேன். அப்பா மேலே முகட்டைப் பார்த்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"பத்து வருஷமாய் வராத உண்மை இப்ப எங்கேயிருந்து வருது, அப்பா? விசா முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறியளோ?"

யோசனை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்காள் மாற்றிச் சொல்லக்கூடாது. மேலே இருப்பது வீடு அல்ல, பழைய தளபாடம் போடுகிற சாமான் அறை. தற்காலிகமானது. ஆட்கள் யாரும் குடியில்லை. இப்படிச் சொன்னால் சபைக்காரர் ஒரு குறிப்போடு கடிதம் தருவார் என்று வீடு விற்றுத் தருகிற தரகர் விசாரித்துச் சொன்னார். ஆகவே சோதனைக்கு ஆள் வரும் நாளில் ரீச்சர் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவார், மகன் வகுப்புக்கு. நான் கொடியில் கிடக்கும் சேலையையும் சேட்டையும் எடுத்து ஒளித்து, இரும்புப் படிக்குக் குறுக்கே உடைந்த கதிரைகளை அடுக்கி வைப்பேன். வருகிறேன் என்று சொன்ன அந்த மனிதர் மூன்று தடவை வராமலே விட்டார். ரீச்சருக்குப் புண்ணியம் மூன்று மடங்கு.

வசனத்தையும் பாடமாக்கி வைத்திருந்தேன். நல்ல சிங்களத்தில், இழுவை இல்லாமல். "உட கவுருத் நே மாத்தயா." மேலே ஒருவரும் இல்லை ஐயா. குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். அப்பா காதைப் பொத்திக்கொள்வார்.

நாலாவது தடவை நிச்சயம் வருகிறேன் என்று சபையிலிருந்து தகவல் வந்தது. அப்பா நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி ஹாஜியாரின் லோயரைப் பார்க்கப் போய்விட்டார். உண்மையில் என் பொய்யைக் கேட்கப் பயந்து போனார். ரீச்சர் கோயிலுக்கு, மகன் கொட்டாஞ்சேனைக்கு. பதினொரு மணிபோல இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் களிசான், கையில் ஃபைல். சிங்களத்தில் மரியாதையாக, மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

நான் வெளுத்து வாங்கிவிட்டேன். மேலே ஒருவரும் இல்லை. ஒரு காலமும் இருந்ததில்லை. சாமான் அறை. நானும் அப்பாவும் மட்டும்தான் இந்த வீட்டில்.

"தாயும் மகனுமாக ஒரு குடும்பம் இல்லையா?" என்றார் ஒருவர்.

அடப்பாவி, யாரோ அயலுக்குள் கோள் சொல்லிவிட்டான் என்றுதான் நினைத்தேன். "யார் ஐயா சொன்னது? பொறாமை பிடித்த சனம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். படியைப் பார்த்தார்கள், உடைந்த கதிரைகளைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். தேத்தண்ணியும் லவ் கேக்கும் கொடுத்தேன். கேக் நன்றாக இருக்கிறது மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தலை கால் தெரியவில்லை. கதிரைகளைக்கூட எடுக்காமல் அண்ணாவுக்கு ட்ரங்கோல் போட்டு, எல்லாம் சரி என்று பீற்றினேன்.

மூன்று மணிக்கு வாசலில் மணி அடித்தது. குடையோடு ஒரு மனிதர், வியர்த்துக் களைத்துப்போய் நின்றார். தான் மாநகர சபையிலிருந்து வருகிறாராம். பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

அப்படியென்றால் காலையில் வந்தவர்கள் யார்?

பின்னேரம் தெரிந்தது. காலையில் கொட்டாஞ்சேனையில் பொலிஸ்காரர் சுற்றிவளைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு பிடிபட்ட பெடியன்களில் ரீச்சரின் மகனும் ஒருவன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டு இலக்கத்தையும் மேல்மாடி என்பதையும் சொல்லியிருக்கிறான். உண்மையா என்று பார்க்கத்தான் அந்த இரண்டு பேரும் வந்தார்கள். ரீச்சர் ஸ்டேசனுக்கு ஓடிப் போனபோது, "உங்கள் மகன் பொய் முகவரி தருகிறான். அந்த வீட்டில் விசாரித்தோம், அப்படி ஒருவரும் இல்லையாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொய் முகவரி தருகிற தமிழ்ப் பெடியன் என்றால் அந்த நாளில் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரீச்சர் எங்கள் ஹோலில், திரும்பி வந்திருந்த அப்பாவுக்கு முன்னால் நின்றார். நெற்றியில் காலையில் பூசின திருநீறு அப்படியே இருந்தது.

"ஐயா, அவன் இஞ்சதான் இருந்தவன் எண்டு ஒரு கடிதம் தாங்கோ. அது இருந்தால் விடுவினமாம்."

நான் வாய் திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "ரீச்சர், வீட்டு உறுதி எழுத இன்னும் ரெண்டு கிழமைதான். அதுவரைக்கும் பொறுக்கேலாதோ?" இப்படிக் கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மேசைக்குப் போனார்.

அப்பா கடிதம் எழுதிய விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதின கை. மேல்மாடி எப்போது கட்டப்பட்டது, எத்தனை அறை, அனுமதி பெறப்படவில்லை என்பது, தாயும் மகனும் எந்த மாதத்திலிருந்து குடியிருக்கிறார்கள் என்பது, எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதினார். பிறகு ஒரு பந்தி: 'அங்கு எவரும் இல்லையென என் மகள் கூறியது என்னுடைய கட்டளையின்படியே. அவள் மறுத்தும் நானே அவளை வற்புறுத்தினேன். தவறு முழுவதும் என்னுடையது.'

"அப்பா, இது பொய்" என்று ரீச்சருக்குக் கேளாமல் குனிந்து சொன்னேன்.

"இந்த வீட்டில நீ மட்டுமோ பொய் சொல்லலாம்?" என்றார் அவரும் மெதுவாக. தலை நிமிர்த்தவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்டேசனுக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். சபைக்கு யார் சொல்லப் போகிறார்கள்? வந்த குடைக்காரர் பாவம், நான் உளறினதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். விற்பனை தப்பியிருக்கும். ஆனால் என் அப்பா கிளார்க் அல்லவா? கிளார்க் எழுதுகிற கடிதத்துக்கு அடியில் 'பிரதிகள்' இல்லாமல் இருக்குமா? கார்பன் தாளை நாலாக வைத்து எழுதியிருக்கிறார். முதல் பிரதி மாநகர சபைக்கு. இரண்டாவது ஹாஜியாரின் லோயருக்கு. மூன்றாவது வரிப் பகுதிக்கு. நாலாவது தன்னுடைய ஃபைலுக்கு. மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பதிவுத்தபாலில் போட்டுவிட்டு, ரசீதுகளைக் குண்டூசியால் குத்திக்கொண்டு வந்து காட்டினார்.

"சபைக்கு ஏனப்பா?" என்று கத்தினேன்.

"சம்பந்தப்பட்ட ஆக்களுக்கு அறிவிக்காமல் எப்பிடிப் பிள்ளை ஒரு கடிதம் அனுப்பிறது?" உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

சம்பந்தப்பட்ட ஆட்கள் எல்லாரும் உடனே சம்பந்தப்பட்டார்கள். ஹாஜியார் வந்து, "ஐயா, நீங்க நல்ல மனிசர். ஆனா நல்ல மனிசர்ட வீட்ட வாங்கேலாது" என்று மெத்த வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். சபை வழக்குப் போட்டது. வழக்கு முடியும் வரை அப்பா நாட்டை விட்டுப் போக மாட்டேன் என்றார், அவரை விட்டு நான் எப்படிப் போவது? தவணைமேல் தவணை. விசா அதுபாட்டுக்கு முடிந்தது. கடைசியில் தண்டம் கட்டி, முத்திரை குத்தின பிளான் வந்தது. கனடா போயிற்று, மாடி சட்டப்படி வந்து சேர்ந்தது.

ரீச்சரின் மகனைப் பத்தொன்பதாம் நாள் விட்டார்கள். அப்பாவின் கடிதத்தால்தான் என்று ரீச்சரே சொன்னார். ஆனால் அந்தக் கடிதத்தை அவரும் வாசித்திருந்தார், மகனும் வாசித்திருந்தான்.

அவன் வந்த அன்று நான் முற்றத்தில் நின்றேன். படியின் கம்பியைப் பிடிக்க இடது கையால் முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. ரீச்சர் தாங்கிப் பிடித்தார். அவன் இரண்டு படி ஏறிவிட்டு என்னைப் பார்த்தான்.

"வேற ஒண்டும் கேக்கேல்லை, அக்கா. அட்ரஸ்தான் கேட்டவங்கள். நான் திரும்பத் திரும்ப இந்த வீட்டைத்தான் சொன்னனான். அடிச்சதெல்லாம் அட்ரஸுக்குத்தான்."

அப்பா கதவடியில் நின்று, "தம்பி" என்றார். அவன் திரும்பிப் பார்க்காமல் மேலே போனான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான், அப்பா இல்லை என்று ஒரே ஒரு வசனம். சிங்களத்தில் பொய்யை அவ்வளவு தெளிவாகப் பாடமாக்கினவள், தமிழில் ஒரு உண்மையைச் சொல்ல நாக்கெழும்பாமல் நின்றேன். அப்பா கதவடியை விட்டு விலகினார். உள்ளே போய் ரேடியோவைப் போட்டார்.

அடுத்த வருஷம் தாயும் மகனும் லண்டன் போனார்கள். போகும்போது ரீச்சர் எனக்கு ஒரு சேலை தந்தார். அப்பாவுக்கு 'போட்டு வாறம்' என்றுமட்டும் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் தைப்பொங்கலுக்கு அவன் போன் எடுப்பான். அப்பா எடுத்தால், "அக்கா நிக்கிறாவோ?" என்றுமட்டும் கேட்பான். அப்பா றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, உனக்கு" என்பார். பன்னிரண்டு பொங்கல் அப்படிப் போனது. ஒரு தரமாவது அவர் என்னைக் குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தச் சுகத்தையும் தரவில்லை.

அப்பா செத்த செய்தி எப்படியோ கேள்விப்பட்டு அவன் எடுத்தான். குரல் பெரிய மனிதர் குரலாகிவிட்டது. பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

"செத்த ஆளைப் பற்றி இனி ஒண்டும் கதைக்கக் கூடாது, அக்கா. நான் எல்லாத்தையும் மறந்திட்டன். உங்களை நினைச்சால்தான் எனக்குக் கவலை. அந்த மனிசன் உங்களையெல்லோ பொய் சொல்ல வைச்சவர்."

லைன் நன்றாகத் தெளிவாக இருந்தது. அவன் காத்திருந்தான்.

"ஓம்" என்றேன்.